பசை காய்ச்சாத நாட்கள்

வெள்ளூரணியில் பசையில்லாமலேயே பொருட்கள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. முதலில் ஒட்டியது ஒரு காப்பித் தம்ளர். அது ஒட்டிக்கொண்டது மினி பஸ் ஓட்டும் பரமகுருவின் உள்ளங்கையில். அவன் மனைவி வேல்கனி மாதாமாதம் கிடப்பதுபோல அன்றும் அடுப்படித் தரையில் முழங்கால்களை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தாள், அவளுக்குக் கொடுக்கத்தான் அவன் சுக்குக் காப்பி போட்டு எடுத்துவந்தான், குனிந்து கொடுக்கப்போன நேரத்தில் அவள் இடுப்பைப் பிளந்துகொண்டு ஒரு வலி வந்தது, வலி அடங்கியபின் பார்த்தால் தம்ளர் அவன் கையை விட்டு வரவில்லை. எண்ணெய் தடவிப் பார்த்தான், வெந்நீர் ஊற்றிப் பார்த்தான், பிறகு டூட்டிக்கு நேரமாகிவிட்டதே என்று தம்ளரோடேயே போய் பஸ்ஸை எடுத்தான். பஸ்ஸில் ஏறியவர்கள் காப்பி ஆறிவிடப் போகிறது என்று சொன்னார்களே தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

அதே காலையில் ஊர் முழுக்கக் கதவுகள் நிலையோடு ஒட்டின, மூடிகள் சட்டியோடு ஒட்டின, வாத்தியாரின் கண்ணாடி அவர் மூக்கோடு ஒட்டியது, சுவர்த் தகராறில் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்த அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, சண்டையை மட்டும் விட மனமில்லாமல் தாழ்ந்த குரலில் நடத்தினார்கள். மூன்றாம் நாள் எல்லாம் தானாக விட்டுப்போயின. அடுத்த மாதம் மறுபடி ஒட்டின. அதற்கடுத்த மாதமும் ஒட்டின, பிறகு அது மாசப் பிறப்பைப்போல ஊரில் நடக்கிற காரியங்களில் ஒன்றாகிவிட்டது.

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் கரிசலில் கிடக்கிற அந்த ஊர் ஒட்டுவதற்கென்றே பிறந்த ஊர். வீட்டுக்கு வீடு பெண்கள் தீப்பெட்டியும் பட்டாசுப் பெட்டியும் ஒட்டுவார்கள். விடிந்ததும் மைதாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டு, பசை காய்ச்சுவதுதான் அங்கே முதல் வேலை. பக்கத்து வீட்டுக் குருவக்காதான் முதலில் கவனித்தாள், மடித்து வைத்த அட்டை தொட்டமாத்திரத்தில் தானே ஒட்டி நின்றதை. அன்றைக்கு அடுப்பு மிச்சம், மைதா மிச்சம், விரலிடுக்கில் புண் வருவது மிச்சம். கதவைத் திறந்துபோடுவது, கைக்குழந்தையை இடுப்பில் வைக்காமல் தூளியிலேயே போட்டுவைப்பது, யாரையும் கோபத்தில் தொடாமலிருப்பது என்று ஊர் சட்டென்று சில ஒழுங்குகளைப் பழகிக்கொண்டது. மைதா கரைக்காத அந்த நாட்களில் பெண்கள் பெட்டி பெட்டியாக ஒட்டித் தள்ளினார்கள்.

இது யாரால் என்று கண்டுபிடித்ததும் குருவக்காதான். அவள் ஒருநாள் வேல்கனியின் பக்கத்தில் உட்கார்ந்து, காதும் காதும் வைத்தாற்போல, நீ வீட்டுக்குத் தூரமாகிற நாளும் இதுவும் ஒன்றாக இருக்கிறதே என்றாள். காதும் காதும் வைத்துச் சொன்னது அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு வேல்கனியின் தேதி ஊருக்கே தெரிந்தது. ஆர்டர் எடுக்கிற ஏஜெண்டு தெரிந்துவைத்திருந்தார், காளியம்மனுக்குச் சந்தனக்காப்புச் சாத்தும் பூசாரி தெரிந்துவைத்திருந்தார், ரோட்டில் அவள் போனால் பெரியவர்கள் கவனமாக வழிவிட்டார்கள். வெட்கத்தில் அவள் கொஞ்ச நாள் குழாயடிக்கே போகவில்லை.

வலிதான் அவளுக்குப் பழையது. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பெஞ்சில் உட்கார முடியாமல் வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து அது அவள் கூடவே இருந்தது. பொம்பளை என்றால் வலிக்கத்தான் செய்யும், கல்யாணமானால் சரியாகும் என்றார்கள். கல்யாணமானது. பரமகுரு ஆசையாக நெருங்கும்போதும் வலித்தது, அதை அவனிடம் சொல்லக் கூசி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகும் என்றார்கள். கோவிலுக்குப் போனாள், விரதமிருந்தாள், வேப்பங்கொழுந்து அரைத்துக் குடித்தாள், வருஷங்கள் போயின, பிள்ளை வரவில்லை, வலி மட்டும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

பிள்ளையில்லாதவளை வளைகாப்புக்கு அழைக்கிற வழக்கம் வெள்ளூரணியில் இல்லை. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லிவிட மாட்டார்கள். குங்குமச் சிமிழோடு வீடு வீடாக அழைத்துவருகிறவர்கள் அவள் வாசல் வந்ததும் பேச்சு மும்முரத்தில் மறந்தவர்கள்போலத் தாண்டிப் போவார்கள், சாயங்காலம் ஒரு தூக்குவாளியில் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் வந்துவிடும். வேல்கனி அதை வாங்கி வைத்துவிட்டு, மாமியார் சீனித்தாய்க்குப் போட்டுக்கொடுத்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்பாள். அந்தச் சாதத்தின் ருசி கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

அப்படியிருக்கையில்தான் இரண்டு கருவைப் பறிகொடுத்த தபால்காரர் மருமகள் மூன்றாவதற்கும் உதிரம் படுகிறதென்று பயந்து, அழுதுகொண்டே வேல்கனி வீட்டுக்கு வந்து, அந்த வலி நாளில் அவள் பாயோரமாகத் தானும் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். உங்கள் பக்கத்தில் எல்லாம் ஒட்டி நிற்கிறதே, இதுவும் நிற்கட்டும் என்றாள். நின்றது. அதுவாகவே நின்றிருக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு பேர் வந்தார்கள், அதற்கடுத்த மாதம் வில்லிசேரியிலிருந்தும் கழுகுமலையிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். ஒருத்திக்கு மட்டும் நிற்கவில்லை. அவள் வந்தது தாமதம் என்று ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்துக்கொண்டது.

இப்படியாக, தூரமான நாளில் தனியே சுருண்டு கிடந்தவளைச் சுற்றிப் பாய்விரித்து வரிசையாகப் பெண்கள் படுத்திருந்தார்கள், நடுவில் வேல்கனி. அவர்கள் மாங்காய்க்கு ஆசைப்படுவதைப் பற்றியும், சோறு வடிக்கிற வாசம் குமட்டுவதைப் பற்றியும், இன்றைக்கு உள்ளே திரும்பிப் படுத்ததுபோலிருந்தது என்றும் பேசிக்கொண்டிருக்க, அவள் துணியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அத்தனையையும் கேட்டாள். ஒரு சொல்லையும் விடாமல் கேட்டாள். குமட்டல் வந்தால் எப்படியிருக்கும் என்று தனக்குள் செய்துகூடப் பார்த்தாள், யாருக்கும் தெரியாமல்.

தூரமானவள் சடங்கில் நிற்கக்கூடாது என்பதை ஊர் வசதியாக மறந்துவிட்டு, வளைகாப்புகளுக்கு அவள் தேதி பார்த்து நாள் குறித்தது. குங்குமச் சிமிழ் முதலில் அவள் வாசலுக்கு வந்தது. முதல்முறை போனபோது சந்தனக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார்கள், ஒரு கர்ப்பிணியின் இரண்டு கன்னத்திலும் வேல்கனி தன் கையால் சந்தனம் தடவினாள், கண்ணாடி வளையலைப் பூட்டினாள், அன்று அவள் வயிற்றுக்குள் கத்தியை வைத்துத் திருகியதுபோல வலித்தது, அவள் சிரித்த முகமாகவே நின்றாள். அவளுக்கு அது சந்தோஷம்தான், பொய்யில்லை. முன்பெல்லாம் அவள் காதுபடக் குத்திப் பேசிய சீனித்தாய் இப்போது, எம்மருமவ வந்தாத்தான் சடங்கே ஆரம்பிக்கும் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு வளைகாப்பில் சந்தனக் கிண்ணத்தோடு மயங்கி விழுந்தபிறகுதான் பரமகுரு யாரையும் கேட்காமல் அவளைத் தூக்கித் தன் மினி பஸ்ஸிலேயே போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனான். அங்கே ஜெசிந்தா என்றொரு டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார், மறுபடி எடுத்தார், பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய பூச்சு வெளியேயும் வளர்ந்து கிடக்கிறது, மாதாமாதம் அதுவும் கசிகிறது, கசிந்ததற்குப் போக வழியில்லை, சினைப்பையில் கட்டியாகத் தேங்கியிருக்கிறது, அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் என்றார். சினைப்பை, குழாய், குடல், கருப்பை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன, கரு உண்டாகத் தடையாக இருப்பதும் அதுதான் என்றார். ஒட்டிப்போனது என்ற செய்தியில் வேல்கனிக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

"எவ்வளவு காலமா இந்த வலி?"

"வயசுக்கு வந்ததிலருந்து."

"இத்தனை வருஷத்துல உங்களை யாருமே எதுவும் கேக்கலியா?"

"ஊரே கேட்டுச்சு டாக்டர். தேதி மட்டும் கேட்டுச்சு."

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு வழிகளைச் சொன்னார். மாத்திரை போட்டுத் தீட்டை நிறுத்தி வலியை அடக்கலாம், ஆனால் அதைச் சாப்பிடுகிறவரை பிள்ளை உண்டாகாது. பிள்ளை வேண்டுமென்றால், வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாய் விட்டு, வளர்ந்து கிடப்பதை எடுத்து, ஒட்டியதைப் பிரித்துவிடலாம். வலி குறையும், உண்டாகிற வாய்ப்புக் கூடும், கட்டாயம் உண்டாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, நோய் திரும்பவும் வரக்கூடும், அப்புறமும் தங்காவிட்டால் டெஸ்ட் டியூப் முறை இருக்கிறது. எப்படியானாலும் தள்ளிப்போட வேண்டாம், உங்கள் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் கருமுட்டை குறைவாக இருக்கிறது என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் பரமகுரு கண்ணைத் துடைத்துத் துடைத்து பஸ்ஸை ஓட்டினான்.

ஆபரேஷன் என்ற செய்தி ஊருக்குள் வந்தபோது யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. வெள்ளூரணிக்காரர்கள் அப்படியெல்லாம் சொல்லிவிட மாட்டார்கள். நல்லாச் செய்யணும், கட்டாயம் செய்யணும் என்று தலையாட்டிவிட்டு, தீபாவளி ஆர்டர் மட்டும் முடிஞ்சிரட்டுமே என்றார் ஏஜெண்டு. காளியம்மன் கோவில் கொடை முடியட்டும் என்றார் பூசாரி. எம்மகளுக்குப் பேறுகாலம் ஆகட்டும் என்றாள் குருவக்கா. சீனித்தாய் மட்டும் மனசில் இருந்ததை அப்படியே சொன்னாள், ஊருக்கெல்லாம் பிள்ளை நிக்கவைக்கிற வயித்துல போயி எவளாவது ஓட்டை போடுவாளா என்று.

வேல்கனி ஒரு மாதம் தள்ளிப்போட்டாள். பிறகு இன்னொரு மாதம். ஊருக்காக என்று பரமகுருவிடம் சொன்னாள். அவளுக்குள் இருந்த பயம் வேறு. ஒட்டியதையெல்லாம் பிரித்துவிட்டு, பிள்ளையும் உண்டாகாமல் போய்விட்டால், குங்குமச் சிமிழ் மறுபடி தன் வாசலைத் தாண்டிப் போகுமே, மறுபடி அந்தத் தூக்குவாளி வருமே என்று பயந்தாள். பிறகு அனுசுயா வந்தாள்; கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண், பிந்திய மாதத்திலும் உதிரம் படுகிறதென்று வெளிறிப்போன முகத்தோடு வந்து, என் பிள்ளை பிறக்கிறவரைக்கும் பொறுத்துக்கிடுங்க மதினி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேல்கனி சரியென்று சொல்லிவிட்டாள். பரமகுரு அன்று சாப்பிடவில்லை.

அனுசுயாவின் வளைகாப்பு வலி நாளில்தான் வைக்கப்பட்டது. சந்தனம் தடவி, வளையல் பூட்டி, குனிந்து பூத்தூவப் போனபோது அதுவரை வராத ஒரு வலி வந்து வேல்கனிக்குக் கண் இருட்டியது, விழாமலிருக்கக் கையை நீட்டினாள், கை போய் நின்ற இடம் அனுசுயாவின் வயிறு. கண் தெளிந்தபோது உள்ளங்கை பட்டுச்சேலையோடு சேர்ந்து அந்த வயிற்றில் ஒட்டியிருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். இதைவிட நல்ல சகுனம் உண்டா என்று வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் கொடுத்தார்கள்.

ஆக வேல்கனி அனுசுயாவோடு போனாள், அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்து, அவள் நடந்தால் நடந்து, அவள் படுத்தால் பக்கத்தில் படுத்து. பிள்ளை முதலில் பேசாமலிருந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு தட்டுத் தட்டியது, நேராக அவள் உள்ளங்கையில். வேல்கனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னொன்று தட்டியது, ஒரு சின்னக் குதிகால் அவள் விரல்களுக்குக் கீழே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, அவள் தன் வாழ்நாளில் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, பிறர் பிள்ளைமேல் இப்படி ஆசைப்படுவது பாவம் என்றுகூட நினைத்தாள், நினைத்தும் ஆசைப்பட்டாள். வலி வரும்போதெல்லாம் துணியைக் கடித்தாள், உடம்பு வில்லாக வளைந்தது, கையை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டாள், பிள்ளை பயந்துவிடக் கூடாதென்று.

அனுசுயா அத்தனையையும் கூடவே இருந்து பார்த்தாள். ஊரில் வேறு யாரும் வேல்கனியின் வலியை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. பாய் விரித்துச் சுற்றிப் படுத்தவர்கள்கூட அவரவர் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்குப் போகும்போது வேல்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு முனகியதையும், ஒரு வாய்ச் சோறு இறங்காமல் வாந்தியெடுத்ததையும், வேர்வையில் சட்டை ஊறிப்போனதையும் அந்தப் பெண் பார்த்தாள். வலியில் வேல்கனி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோது அனுசுயா தன் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னேனே, எல்லாருக்கும் சொன்னேனே என்றாள் வேல்கனி.

மூன்றாம் நாள் காலை ஊரில் திறந்துபோட்ட கதவுகளைச் சாத்தத் தொடங்கினார்கள், மூடிகள் கழன்றன, பெண்கள் மைதாவைத் தேடி எடுத்தார்கள். அனுசுயாவின் வீட்டில் ஜன்னல் வெளிச்சம் தரையில் வந்து வெகுதூரம் நகர்ந்துவிட்டது. வேல்கனியின் கை வயிற்றிலேயே இருந்தது. பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது போல, இடையிடையே சின்னதாக விக்கியது, அந்த விக்கல் ஒவ்வொன்றையும் அவள் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி," என்றாள் அனுசுயா. "கை விட்டுப்போயி ரொம்ப நேரமாச்சு."

வேல்கனிக்கு முகம் சிவந்துவிட்டது. கையை எடுக்கப்போனாள். அனுசுயா அதைப் பிடித்து மறுபடி வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"எடுக்கச் சொல்லல மதினி, இருக்கட்டும். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் சொன்னதுக்காக இனி ஒரு நாளும் இருக்கக்கூடாது."

"ஒனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா?"

"ஆனா ஆகட்டும். நானும் டாக்டர்ட்டதான் போகப்போறேன். ஒங்கள இப்படி நோகவிட்டு ஒரு பிள்ளையப் பெத்து, அதுட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

ஊரை வேல்கனி கேட்கவில்லை. திருநெல்வேலிக்குப் பரமகுருவோடு போனாள், மயக்க மருந்து கொடுக்கும்போது பயத்தில் காளியாத்தா என்றாள், விழித்தபோது ஜெசிந்தா டாக்டர் வந்து, நிறைய ஒட்டியிருந்தது, நேரம் பிடித்தது, ஆனாலும் பிரித்துவிட்டோம், ஒரு குழாய் நன்றாக இருக்கிறது, உடம்பு தேறியதும் முயற்சி செய்யுங்கள் என்றார். சீனித்தாய் மருமகளைப் பார்க்க வந்து காலடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

பிறகு உடம்பு தேறி, சில மாதங்களில் அனுசுயாவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்ததாகச் சேதியும் வந்து, புண் ஆறும்வரை தீட்டை நிறுத்தி வைத்திருந்த மாத்திரையை விட்டபின் வர வேண்டிய முதல் மாதமே வேல்கனிக்கு நாள் தள்ளிப்போனது. ஒரு நாள் தள்ளியது, இன்னொரு நாள் தள்ளியது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சோறு வடிக்கும்போது வாசத்தை மோந்து பார்த்தாள், குமட்டுவதுபோலத்தான் இருந்தது, நடக்கும்போது மெல்ல நடந்தாள், ஊரில் பழைய கணக்கு மறக்காமல் அட்டைக் கட்டோடு வந்து எட்டிப் பார்த்தவர்களிடம் இன்னும் இல்லை என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் வந்துவிட்டது. கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது குருவக்கா கூடத்தில் உட்கார்ந்து இரண்டு அட்டையைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை விரிந்து விழுந்தது. மறுபடி பிடித்தாள், மறுபடி விழுந்தது. சரி தாயி, ஒடம்பப் பாத்துக்கோ என்று எழுந்துபோனாள், போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள். வீடு அமைதியாக இருந்தது. வயிற்றில் லேசான ஒரு இழுப்பு, அவ்வளவுதான், அதைத் தாங்க யாரும் தேவையில்லை.

ஷிஃப்டு முடிந்து பரமகுரு வந்தபோது வேல்கனி கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அவன் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வலிக்குதா கனி?"

"வலிக்கல."

"பெறகு ஏன் அழுவுத?"

அவள் அவனைப் பார்த்தாள். அவள் இப்போது சொல்ல வந்த வார்த்தையை அத்தை சொல்லியிருக்கிறாள், பூசாரி சொல்லியிருக்கிறார், தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்காகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வாயிலிருந்து அது ஒருதடவைகூட வந்ததில்லை, வலி விட்டுவைத்த நாட்களில் வலி வரப்போகிறதே என்ற பயம்தான் இருந்தது.

"எனக்குப் பிள்ளை வேணுங்க," என்றாள்.

"எனக்கும்தான்," என்றான் பரமகுரு, அவனும் அதை இதுவரை சொன்னதில்லை. வேல்கனி அவன் தோளில் சாய்ந்து, பொழுது சாயும்வரை அழுதாள். எட்டாம் வகுப்பிலிருந்து எவ்வளவோ அழுதிருக்கிறாள், வலி கலக்காமல், பிள்ளைக்காக மட்டும் அவள் அழுதது அன்றுதான்.